கிணறும் கூலியும்: பாலாற்றுப் படுகையில் ஒரு குடிநீர் மனு
(நிகழ்வு ஆய்வு)

பின்னணி

வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டு வட்டத்திலுள்ள ஒரு சிற்றூரில் 2022 முதல் 2025 வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். ஊர், ஆட்கள், ஆலை எதன் பெயரும் இதில் இராது. அந்தக் காலத்தில் நான் இலவச சட்ட உதவிக்கான தன்னார்வலராக அந்த ஊருக்குப் போய்வந்தேன். வழக்கறிஞர் அல்ல, மனு எழுத உதவுவதும், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வதும், தேவைப்பட்டால் கூடவே போய் வரிசையில் நிற்பதும்தான் என் வேலை.

ஊரில் இரண்டு தெருக்கள். மேட்டுத் தெருவில் நிலம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். தென்னையும் நிலக்கடலையும் பயிர், தண்ணீர் இருந்தால் ஒரு போகம் நெல். கீழ்த் தெருவில் ஆதிதிராவிடர் குடும்பங்கள். அங்கே ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒருவராவது தோல் பதனிடும் ஆலைக்கோ, காலணித் தொழிற்சாலைக்கோ வேலைக்குப் போகிறார். தோல் ஆலையை ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, டேனரி என்றே சொல்வார்கள். இரண்டு தெருக்களுக்கும் நடுவே ஓர் ஓடை. மழைக்காலத்தில் மட்டும் ஓடி, கடைசியில் பாலாற்றில் சேரும். ஓடைக்கு மேற்கே அரை கிலோமீட்டர் தள்ளி டேனரிகள்.

பாலாற்றுத் தண்ணீருக்கும் அரசமைப்புச் சட்டத்துக்கும் உள்ள தொடர்பு இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தபின், இங்குள்ள குடிமக்கள் அமைப்பு ஒன்று டேனரிக் கழிவைப் பற்றி 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பை இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் 'வேலூர் வழக்கு' என்றுதான் அறிவார். தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்ற ஆய்வுக் குறிப்பு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. தீங்கு நேருமுன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. அதற்குத் துணையாக அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவோடு 47, 48அ, 51அ ஆகியவற்றையும் எடுத்துக்காட்டியது.

இவ்வளவு பெரிய தீர்ப்பு பிறந்த மண்ணில் ஒரு குடம் தண்ணீருக்கு மறுபடியும் மனு எழுத வேண்டி வந்தது.

கண்டவை

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. பல ஆண்டுகளாக மணலை மட்டுமே பார்த்திருந்த பிள்ளைகள் ஆற்றில் தண்ணீரைப் பார்த்தார்கள். ஊர்க் கிணறுகள் மேல்படி வரை நிரம்பின. இனி கவலையில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

2022 மார்ச்சில் மேட்டுத் தெருப் பெரியவர் ஒருவரின் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. பருப்பு வேக இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. ஏப்ரலில் தென்னையில் குரும்பை கொட்டத் தொடங்கியது, ஓலை நுனி கருகியது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஆழ்துளைக் கிணறும் அதே கரையில்தான் இருந்தது. அதனால் இரண்டு தெருக் குழாய்களிலும் அதே உப்புத் தண்ணீர் வந்தது. வீட்டுக்கு வீடு குழாய் இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியவில்லை. 20 லிட்டர் கேன் 30 ரூபாய். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு ஒரு கேன் என்றால் மாதம் 900 ரூபாய். கீழ்த் தெருவில் அது இரண்டு நாள் கூலி.

மே மாதம் நான் போனபோது பெரியவர் கிணற்றுப் படியில் வெள்ளை பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. தொழில்முறையில் இது தவறான பரிசோதனை என்பது பின்னால்தான் தெரிந்தது. தனியார் ஆய்வகத்தில் கொடுத்த மாதிரியில் கரைந்த திடப்பொருட்களின் அளவு லிட்டருக்கு 4,100 மில்லிகிராம். குடிநீரில் 500-க்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு.

முதல் மனுவும் முதல் பிளவும்

மேட்டுத் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் நான்கு பக்க மனு எழுதி வைத்திருந்தார். அழகான கையெழுத்து, பிழையற்ற தமிழ். உயிர்வாழும் உரிமை தரும் 21-ஆம் பிரிவு, மக்களின் ஊட்டத்தையும் நலவாழ்வையும் உயர்த்துவது அரசின் கடமை என்னும் 47, சுற்றுச்சூழலைப் பாதுகாக்கச் சொல்லும் 48அ, அதையே குடிமகனின் கடமையாக வைக்கும் 51அ எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. கடைசி வரி: 'எனவே ஓடைக்கரையிலுள்ள அனைத்துத் தோல் ஆலைகளையும் உடனடியாக மூட உத்தரவிடுமாறு வேண்டுகிறோம்.'

நான் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினேன். என் முதல் தவறு அங்கே நடந்தது. அரசமைப்புப் பிரிவுகள் நிறைய இருந்ததால் மனு வலுவாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

கையெழுத்து வாங்கக் கீழ்த் தெருவுக்குப் போனோம். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் முப்பது பேர் கூடினார்கள். தலைமையாசிரியர் மனுவைப் படித்து முடித்ததும் யாரும் பேனாவைத் தொடவில்லை. காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் எழுந்தார்.

"சார், அதே புத்தகத்தில் வேலைக்கு ஒரு பிரிவு இல்லையா?"

இருக்கிறது. போதிய வாழ்வாதாரம் பெறும் உரிமையைப் பற்றி 39-ஆம் பிரிவும், வேலை செய்யும் உரிமையைப் பற்றி 41-ஆம் பிரிவும், வாழ்வதற்குப் போதுமான கூலியைப் பற்றி 43-ஆம் பிரிவும் பேசுகின்றன. எல்லாம் அதே நான்காம் பகுதியில், 47-க்கும் 48அ-வுக்கும் சில பக்கங்கள் முன்னால். தலைமையாசிரியர் அதை மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர்தான் முதலில் என்றார். அந்தப் பெண் அதற்குச் சொன்ன பதிலை நான் அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்:

"உங்கள் கிணறு நன்றாக இருந்த காலத்தில் எங்கள் அம்மா அதில் வாளி போட்டதில்லை. இப்போது கிணறு கெட்டதும் அது ஊர்க் கிணறு ஆகிவிட்டது."

தாழ்வாரத்தில் சற்று நேரம் பேச்சே இல்லை. பொதுப் பயனுக்கான கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று 15-ஆம் பிரிவு 1950-லேயே சொல்லிவிட்டது. எங்கள் நான்கு பக்க மனுவில் அந்த ஒரு பிரிவு மட்டும் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கூட்டம் கையெழுத்தில்லாமல் கலைந்தது. மேட்டுத் தெருவின் 22 கையெழுத்தோடு மனுவைத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஜூன் மாதம் கொடுத்தோம். ரசீது கிடைத்தது. சில வாரங்களில், எந்த ஆலை, என்ன விதிமீறல், என்ன ஆதாரம் என்று கேட்டுப் பதில் வந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. எங்களிடம் விடை இல்லை.

சட்டம் எங்கே இருக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஊரில் பலருக்கு இருந்த குழப்பம் எனக்கும் இருந்தது: அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கும்போது அதைக் காட்டி ஏன் கேட்க முடியாது?

36 முதல் 51 வரை உள்ள பிரிவுகள் அரசுக் கொள்கைக்கான வழிகாட்டு நெறிகள். அயர்லாந்தின் 1937 அரசமைப்பைப் பார்த்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. இவற்றை எந்த நீதிமன்றத்தின் வழியாகவும் வலிந்து நிறைவேற்ற முடியாது, ஆனால் நாட்டின் ஆட்சிக்கு இவை அடிப்படை, சட்டம் இயற்றும்போது இவற்றைக் கடைப்பிடிப்பது அரசின் கடமை என்று 37-ஆம் பிரிவு சொல்கிறது. கதவைச் சாத்திவிட்டுச் சாவியை அரசின் கையில் கொடுத்ததுபோல் அந்த வாசகம் எனக்குப் படுவதுண்டு.

அடிப்படை உரிமைக்கும் வழிகாட்டு நெறிக்கும் முதல் பெரிய மோதல் நம் மாநிலத்திலிருந்து போன வழக்கில்தான் நடந்தது. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாண அரசாணையை எதிர்த்த வழக்கில், நெறிகள் உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டே நிற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1951-இல் கூறியது. அதே ஆண்டில் முதல் திருத்தம் வந்தது. பிறகு பார்வை மாறியது. இரண்டுக்கும் இடையிலான சமநிலையே அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் சேரும் என்று 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் கூறப்பட்டது. 48அ, 51அ, இலவச சட்ட உதவி பற்றிய 39அ மூன்றும் 1976-இன் 42-ஆம் திருத்தத்தில் நுழைந்தவை. மாசில்லாத நீரும் காற்றும் 21-ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் தெளிவாயிற்று. வேலூர் தீர்ப்பு இந்த வழியில் வந்ததுதான்.

கீழே நின்று மனு எழுதுகிறவனுக்கு இதில் தேவையானது ஒன்றே: நெறி எந்தச் சட்டத்தின் வழியாக, எந்த விதியின் வழியாகத் தரைக்கு இறங்கியிருக்கிறது? தண்ணீரைப் பொறுத்தவரை 1974-இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் இறங்கியிருக்கிறது. ஆலை இயங்க அந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியான இசைவாணை வேண்டும்; இசைவாணையில் நிபந்தனைகள் இருக்கும். 1996-இல் நீதிபதிகள் சொன்ன கொள்கைகள் 2010-இன் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் 20-ஆம் பிரிவாகவே அச்சேறிவிட்டன. '48அ-வின்படி ஆலையை மூடுக' என்று எழுதினால் படிப்பவர் அடுத்த கோப்பை எடுப்பார். 'இசைவாணையின் இன்ன நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது' என்று எழுதினால் அவர் பதில் எழுதியாக வேண்டும்.

எங்கள் தண்ணீர் மாதிரியின் நிலையும் அப்போதுதான் புரிந்தது. 1974 சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆலைக் கழிவுநீர் மாதிரி எடுக்க ஒரு முறையை வகுத்திருக்கிறது: ஆலைக்காரருக்கு அறிவிப்பு, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்தல், முத்திரை, கையொப்பம். அந்த முறையில் எடுக்காத மாதிரி வழக்கில் சான்றாகாது. நாங்கள் கொடுத்தது கிணற்றுத் தண்ணீர். அதையும் பழைய குளிர்பான பாட்டிலில் பிடித்துக் கொடுத்திருந்தோம்.

எடுத்த முடிவுகள்

ஜூலை இறுதியில் மீண்டும் கூடினோம். இந்த முறை கீழ்த் தெருவில், அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில். இடத்தை மாற்றியது தலைமையாசிரியரின் யோசனை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

மூடச் சொல்லும் கோரிக்கையைக் கைவிடுவது என்று முடிவாயிற்று. மேட்டுத் தெருவில் மூன்று பேர் எதிர்த்தார்கள், பெரியவரும் அவர்களில் ஒருவர். 'கெடுத்தவனை விட்டுவிட்டுத் தண்ணீர் கேட்பது பிச்சை' என்றார். அவர் கோபம் நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஆலை கெடுத்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாற்பது ஆண்டு உப்பு அந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளத்தில் நிலத்தடி நீர் மேலே வந்தபோது பழைய உப்பே கரைந்திருக்கலாம். அப்படியானால் இன்று இயங்கும் ஆலையைக் கைகாட்டுவது பொய்யாகிவிடும்.

மனுவை இரண்டாகப் பிரித்தோம். ஒன்று தண்ணீருக்கு: இரண்டு கிலோமீட்டர் தள்ளிச் செல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு இணைப்பு வேண்டும், அதுவரை லாரித் தண்ணீர் வேண்டும். இதில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. மற்றொன்று விசாரணைக்கு: ஓடைக் கரையை ஆய்வு செய்து முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும். தண்ணீர் மனுவைக் கிராம சபைத் தீர்மானமாகவும் கொண்டுவருவது என்று தீர்மானித்தோம். ஊராட்சிகளைத் தன்னாட்சி அலகுகளாக்கச் சொல்லும் 40-ஆம் பிரிவு, 1994 ஊராட்சிகள் சட்டத்தின் வழியாகத் தரைக்கு வந்திருக்கும் இடம் அதுதான். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இரண்டு தெருவும் சேர்ந்து கைதூக்கியது. 22 ஆக இருந்த கையெழுத்து 140-ஐத் தாண்டியது.

கூடவே பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்றும் போட்டேன்: ஓடையை ஒட்டிய ஆலைகளின் இசைவாணை நிபந்தனைகளின் நகல் வேண்டும் என்று. முப்பது நாள் கெடுவுக்குள் பதில் வந்தது. கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. தோலிலிருந்து உதறும் உப்பைக் கூரையிட்ட, நீர் கசியாத தளத்தில் மட்டுமே வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் ஒரு முறை வாசித்துவிட்டுக் கடந்துபோனேன்.

உப்பு மேடு

பச்சைத் தோல் ஆலைக்கு வரும்போது உப்பில்தான் வருகிறது. கெடாமல் இருக்கத் தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்புப் போடுவார்கள். ஆலையில் முதல் வேலை அந்த உப்பை உதறுவது. சதைத் துணுக்கும் ரோமமும் கலந்த அந்த அழுக்கு உப்புக்குச் சந்தை இல்லை.

அக்டோபரில், மழை பிடித்த ஓர் இரவில், கீழ்த் தெருவைச் சேர்ந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். உப்பு உதறும் வேலை செய்கிறவர், நாள் கூலி 450 ரூபாய். முதல் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றுவிட்டு எதுவும் பேசாமல் போனவர். அவர் சொன்னது:

"நீங்கள் குழாயைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். உப்பு குழாயில் வரவில்லை. டிராக்டரில் வருகிறது."

ஓடையின் மேற்குப் புறம்போக்கில், வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால், உதறிய உப்பைக் கொட்டி மேலே மண் மூடிய மேடு ஒன்று இருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தோம். மண்ணுக்கு அடியிலிருந்து மழைநீர் சாம்பல் நிறத்தில் கசிந்து ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு மாதம் கழிவுநீர்க் குழாயைத் தேடி நடந்த பாதையிலிருந்து அது நூறு அடிகூட இல்லை.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். மூடச் சொல்கிற மனுவுக்கு எப்படிச் சொல்வேன் என்று திருப்பிக் கேட்டார். கோரிக்கை மாறியதால்தான் அவர் வந்தார். மாறாமல் இருந்திருந்தால் நாங்கள் இன்றும் குழாயைத் தேடிக்கொண்டுதான் இருப்போம்.

நவம்பர் முதல் வாரம் இரண்டாம் மனுவைப் புகைப்படங்களோடும், இசைவாணை நிபந்தனையின் எண்ணோடும் கொடுத்தோம். பத்து நாளில் அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள். மேட்டிலிருந்து வழிந்த நீரும் ஓடை நீரும் முறைப்படி மாதிரி எடுக்கப்பட்டன. ஓர் ஆலைக்கு விளக்கம் கேட்டு அறிவிப்புப் போனது. 2023 ஜனவரியில் மேடு அள்ளப்பட்டது. ஆலை வளாகத்தில் கூரையிட்ட தளம் கட்டும்வரை மூன்று வாரம் அங்கே தோல் இறக்கவில்லை. அந்த மூன்று வாரமும் கீழ்த் தெருவில் ஒன்பது பேருக்குக் கூலி இல்லை. வழிகாட்டு நெறி நிறைவேறும்போது அதன் செலவு முதலில் யார் வீட்டில் விழுகிறது என்பதை நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த ஒரு வரி

இதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்குப் பொருள் இல்லை.

இரண்டாம் மனுவை எழுதியவன் நான். மூன்றாவது பத்தியில் 'ஆலையின் உள்ளே உப்பு உதறும் பணி செய்யும் ஒருவர் தெரிவித்தபடி' என்று எழுதியிருந்தேன். ஆதாரத்துக்கு எடை கூடும் என்ற எண்ணம். மனுவின் நகல் விசாரணையில் எதிர்த் தரப்புக்கும் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. அந்த ஆலையில் உப்பு உதறுபவர்கள் மூன்று பேர். எங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான்.

ஒரு வாரத்தில் அவரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். வருகைப் பதிவு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கே எழுத்தில் ஒன்றும் இல்லை. ஏழு மாதம் ஆம்பூரில் சுமை தூக்கினார். பிறகு வேறு ஆலையில் குறைந்த கூலிக்குச் சேர்ந்தார். மேட்டுத் தெருவிலிருந்து தலைமையாசிரியர் நான்கு மாதம் அந்த வீட்டுக்கு அரிசி அனுப்பினார் என்பதைப் பின்னால் அறிந்தேன். என்னிடம் அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

நியாயமும் மனிதத்தன்மையும் உள்ள பணிச்சூழல் வேண்டும் என்கிறது 42-ஆம் பிரிவு. வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவருக்கு அந்தப் பிரிவு எந்த வழியில் போய்ச் சேரும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

தொடர்ந்து நடந்தவை

லாரித் தண்ணீர் 2022 செப்டம்பரிலேயே வரத் தொடங்கியது, இரண்டு நாளுக்கு ஒரு முறை. முதலில் மேட்டுத் தெருவில் நின்று, மிச்சம் இருந்தால் கீழே வரும். பத்தாவது நாள் சண்டை. தையல் வேலை செய்யும் அந்தப் பெண், லாரி தரைப்பாலத்தில் நிற்கட்டும், இரண்டு பக்கமும் ஒரே தூரம் என்றார். அன்று முதல் தரைப்பாலம்தான். ஒரே வரிசை, வந்த முறைப்படி குடம். ஊர்க் கூட்டம் எதிலும் இது தீர்மானமாகவில்லை. அந்த வரிசையில் மேட்டுத் தெருப் பாட்டி ஒருவர் முதல் வாரம் வரவில்லை. இரண்டாம் வாரம் பேத்தியை அனுப்பினார். ஒரு மாதத்தில் அவரே வந்தார்.

கூட்டுக் குடிநீர் இணைப்புக்கு மதிப்பீடு, அனுமதி, ஒப்பந்தம் என்று பதினாறு மாதம் ஆனது. 2023 டிசம்பரில் தொட்டிக்கு வெளித் தண்ணீர் வந்தது.

பெரியவரின் கிணறு அப்படித் தேறவில்லை. மேட்டை அள்ளியபின் உப்பு குறைந்தது. ஆனால் பாதிகூடக் குறையவில்லை. மீதம் பழைய உப்பு என்று நினைக்கிறேன். நாற்பது தென்னையில் பதினொன்றை வெட்டிவிட்டார்.

2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்புத் தந்தது. பாதிக்கப்பட்டவர்களில் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. செய்தித்தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு பெரியவர் வந்தார். அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழுப்பேறிய அறிவிப்புத் தாள் ஒன்று இருக்கிறது. 1996 தீர்ப்புக்குப் பின் அமைத்த சூழல் இழப்பு ஆணையம், 1991 முதல் 1998 வரையிலான பாதிப்புக்கு 2001-இல் இழப்பீடு நிர்ணயித்தபோது அவருடைய தந்தை பெயரில் வந்தது அது. அந்தப் பணம் வந்து, கரைந்து, தந்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அந்தக் கணக்கில் அப்பா. இந்தக் கணக்கில் நானா?" என்று கேட்டார்.

பழைய கணக்கு வேறு, 2022-இன் பாதிப்பு வேறு என்று விளக்கினேன். இழப்பீட்டுக்குப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் மனுச் செய்ய, பாதிப்பு தொடங்கியதிலிருந்து ஐந்து ஆண்டு கெடு. 2027 மார்ச் வரை அவருக்கு நேரம் இருக்கிறது. மற்ற நிவாரணங்களுக்கான 14-ஆம் பிரிவில் ஆறே மாதம்தான் கெடு. மூடு, மூடாதே என்று நாங்கள் வாதாடிய கோடையிலேயே அதில் பெரும்பகுதி போய்விட்டது, அப்போது எங்களில் யாருக்கும் அந்தக் கெடுவே தெரியாது.

பெரியவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவருடைய இளைய மகன் அதே ஆலையில் கணக்கு எழுதுகிறார். மேட்டுத் தெருவிலும் டேனரிச் சம்பளம் வராத வீடு குறைவு என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

இனி மாற்றிச் செய்வது

தகவல் சொன்னவரின் தொழில், தெரு, வேலை செய்யும் இடம், இவற்றில் எதையும் மனுவில் எழுத மாட்டேன். இடத்தையும் புகைப்படத்தையும் தேதியையும் வைத்தே அந்த மனுவை எழுதியிருக்கலாம். அவர் சொன்னார் என்ற வரி இல்லாமலே ஆய்வு நடந்திருக்கும். அவர் சொன்னதை வைத்து மனு எழுதுவதற்கு முன்பே, அவருடைய வேலைக்கு ஏதாவது ஓர் எழுத்துச் சான்று இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதை உண்டாக்குவதுதான் முதல் வேலை.

முதல் கூட்டத்தைக் கீழ்த் தெருவில் வைப்பேன். அதுவும் மனு எழுதுவதற்கு முன்பு.

கெடுத் தேதிகளை முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டுவேன். இசைவாணை நகலை மே மாதமே கேட்டிருப்பேன். வந்த நகலில் உப்பைப் பற்றிய நிபந்தனையை வாசித்ததும் உப்பு எங்கே போகிறது என்று கேட்டிருப்பேன். அரசமைப்புப் பிரிவுகளை மனுவிலிருந்து முற்றிலும் எடுத்துவிட மாட்டேன். இரண்டாம் மனுவின் முதல் வரியில் 21, 47, 48அ, 43 நான்கையும் சேர்த்தே எழுதினோம். கையெழுத்துப் போட வந்தவர்களில் சிலர் அந்த எண்களை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கீழே பெயர் எழுதினார்கள்.

தண்ணீரின் உப்பை அளக்கும் பேனா போன்ற சிறு கருவி ஒன்றை ஊர்ப் பணத்தில் வாங்கினார்கள். அது தையல் வேலைக்குப் போகும் அந்தப் பெண்ணின் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் தொட்டித் தண்ணீரையும், பெரியவர் அனுமதியோடு அவர் கிணற்று நீரையும் அளந்து நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறார். கிணற்றில் வாளி இறக்குவது அவர்தான். நான் கடைசியாகப் பார்த்த பதிவு: தொட்டி 410, கிணறு 2,960.